ஊத மறுத்தால் வழக்கு நிற்காதா?

காட்பாடிவாசி:
சனிக்கிழமை இரவு வரவேற்பு விருந்து முடிந்து காட்பாடியிலிருந்து சத்துவாச்சாரிக்குப் பைக்கில் திரும்பிய என் மைத்துனரை, கிரீன் சர்க்கிள் அருகே போலீசார் நிறுத்தி, மது குடித்திருக்கிறாரா என்று பார்க்கும் கருவியில் ஊதச் சொல்லியிருக்கிறார்கள். இருமல் மருந்து குடித்திருந்த பயத்தில், குழாயை உதட்டில் வைத்து மூச்சை அடக்கிக்கொண்டு நின்றவர், பிறகு ஊத மாட்டேன் என்று சொல்லிவிட்டார். காவல் நிலையத்திலும் மறுத்தார். ரத்தம் மட்டும் கொடுத்தார். கருவியில் ஊதியதற்கான சீட்டே இல்லாததால் வழக்கு நிற்காது என்கிறார் அவருடைய நண்பர். உண்மையா?

பாலாற்றங்கரை (வழக்கறிஞர்):
அந்த நண்பரை நம்பிவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 203-இன்படி, குடித்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்து ஒருவர் ஊத மறுத்தால், பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். நிலையத்தில் மறுபடி ஒரு வாய்ப்புத் தர வேண்டும். அங்கும் மறுத்தால் பிரிவு 204-இன்கீழ் மருத்துவர் மூலம் ரத்த மாதிரி கேட்கலாம். உங்கள் மைத்துனருக்கு நடந்தது இதே வரிசைதான். மறுப்புக்கென்று, குடித்துவிட்டு ஓட்டுவதைத் தண்டிக்கும் பிரிவு 185-இல் தனித் தண்டனை இல்லை என்றாலும், தக்க காரணம் காட்டாத மறுப்பை அரசுத் தரப்புச் சாட்சியத்துக்கு வலுச் சேர்ப்பதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளப் பிரிவு 205 இடம் தருகிறது. 100 மி.லி. ரத்தத்தில் மது 30 மி.கி.-ஐத் தாண்டினால் குற்றம். முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

மருந்துக்கடைக்காரர்:
சில இருமல் மருந்துகளில் ஆல்கஹால் உண்டு என்பதும், குடித்த கையோடு ஊதினால் வாயில் தங்கியிருப்பது கருவியில் ஏறும் என்பதும் மெய்தான். ஆனால் 15 நிமிடத்தில் அது பெரும்பாலும் அடங்கிவிடும். மருந்து குடித்ததைச் சொல்லி, சற்றுப் பொறுத்து ஊதுகிறேன் என்று கேட்டிருக்கலாம். நிலையத்துக்குப் போவதற்குள் அந்த நேரம் கடந்திருக்குமே, அங்கே ஏன் மறுத்தார்?

காட்பாடிவாசி:
பதற்றம்தான் ஐயா. கைதான 2 மணி நேரத்துக்குள் மருத்துவச் சோதனை நடக்காவிட்டால் வழக்கு போய்விடும் என்றும் சொல்கிறார்களே?

பாலாற்றங்கரை (வழக்கறிஞர்):
பிரிவு 202 சொல்வது, அந்தக் கெடு தவறினால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பதை மட்டுமே. வழக்கே போய்விடும் என்று அதில் இல்லை. கைதான நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் தாளில் பாருங்கள்.

காட்பாடிவாசி:
பார்த்தேன். கைது 10.40, ரத்தம் 12.05. இனி ரத்த அறிக்கைதான். மருந்துச் சீட்டைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.