நம்ம குடும்பம் (தலவாக்கலை–ஹட்டன்–கொழும்பு)

கவின்: எந்த நாட்டுலயும் ஒருத்தன் ரொம்ப வருஷம் கதிரையில இருக்கான்னா ஆமிய கையில வச்சிருக்கான், அவ்ளோ தான் மேட்டர்

பெரியப்பா: ஆமி எல்லாம் கடைசிக்கு தான் தம்பி. 1947 எலெக்‌ஷன்ல நம்ம தோட்டத் தமிழர் கட்சி இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 சீட் எடுத்துச்சு, மத்த தோட்டப் பக்கம் நம்ம ஓட்டு இடதுசாரிக்கு விழுந்துச்சு. டி.எஸ். சேனாநாயக்கவோட யூஎன்பி (ஐக்கிய தேசியக் கட்சி) கவர்மெண்ட் பாத்துச்சு, 1948ல சட்டம் போட்டு நம்ம பிரஜாவுரிமைய பறிச்சுச்சு, 1949ல ஓட்டும் போச்சு. 1952ல நமக்கு ஒரு சீட்டும் இல்ல. பாராளுமன்றத்துல கைய தூக்குனாங்க, முடிஞ்சுச்சு

சுதா அக்கா: தாத்தா பிரஜாவுரிமைக்கு மனு போட்டு, அவரோட அப்பா இங்க பொறந்ததுக்கு அத்தாட்சி இல்லனு திருப்பி அனுப்புன கடிதம் இன்னும் அம்மா டிரங்குபெட்டியில இருக்கு. தோட்டத்து லயத்துல பொறந்தவருக்கு அந்த காலத்துல யாரு பர்த் சர்டிபிகேட் எழுதுனா

ரவி மாமா: யூஎன்பி ஜே.ஆர். ஜயவர்தன தான்யா கில்லாடி

பெரியப்பா: அத சொல்லு. 77ல 168க்கு 140 சீட், 78ல புது அரசியலமைப்பு, தானே ஜனாதிபதி. 80ல முன்னாள் பிரதமர் சிறிமாவோட குடியியல் உரிமைய 7 வருஷத்துக்கு பறிச்சாச்சு, அதனால 82 ஜனாதிபதி எலெக்‌ஷன்ல அந்தம்மா நிக்கவே முடியல. அது முடிஞ்ச கையோட சொந்த எம்பிமார் கிட்டயே திகதி போடாத ராஜினாமா கடிதம் வாங்கி வச்சிக்கிட்டாரு, எவன் வாய தொறப்பான்? அப்புறம் டிசம்பர் 22 சர்வஜன வாக்கெடுப்பு, பாராளுமன்ற எலெக்‌ஷனே வேணாம் இருக்குறதயே 6 வருஷம் நீட்டுவோம்னு. விளக்குக்கு போட்டா ஆமா, குடத்துக்கு போட்டா இல்ல. விளக்குக்கு நூத்துக்கு 54 சொச்சம். 77ல போன சபை 88 டிசம்பர் வரைக்கும் ஓடுச்சு

சித்தி: நம்ம தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் ஐயாவும் ஜே.ஆர். கேபினட்ல தானே இருந்தாரு 🙄

பெரியப்பா: 78லேர்ந்து இருந்தாரு. அதுல இருந்ததால தான் பிரஜாவுரிமை இல்லாத மிச்ச ஆளுகளுக்கு அத குடுக்குற சட்டம் 88ல வந்துச்சு, அதயும் சொல்லணும்ல

சுதா அக்கா: 48ல பறிச்சதும் யூஎன்பி, 88ல குடுத்ததும் யூஎன்பி. ரெண்டுலயும் அவங்க கணக்கு ஓட்டு தான்

கவின்: அப்ப சட்டத்த மாத்துனா போதும்னா மஹிந்த ஏன் தோத்தாரு? 2010ல 18ஆவது திருத்தம் கொண்டாந்து ஜனாதிபதி பதவிக்கு எத்தன தடவயும் நிக்கலாம்னு ஆக்கிட்டு 2015ல வீட்டுக்கு போனாரு. அவரு தம்பி கோட்டாவும் ஜனாதிபதி அதிகாரத்த கூட்டுற 20ஆவது திருத்தம் கொண்டாந்தாரு, 2022ல நாட்ட விட்டே ஓடுனாரு

ரவி மாமா: காஸ் லைன்ல ராத்திரி பூரா நின்னவனுக்கு எந்த திருத்தமும் கண்ணுக்கு தெரியாது

பெரியப்பா: அது சரி. எலெக்‌ஷன் வச்சா தானே தோக்குறதுக்கு? 2023 மார்ச் 9 நடக்க வேண்டிய உள்ளூராட்சி தேர்தல் காசு இல்லனு தள்ளிப்போட்டு 2025 மே மாசம் தான் நடந்துச்சு. நம்ம மத்திய மாகாண சபைக்கு 2013ல ஓட்டு போட்டோம், காலம் 2018லயே முடிஞ்சுச்சு, அப்புறம் எத்தன கவர்மெண்ட் மாறுச்சு பாரு, எதிர்க்கட்சியில இருக்கறப்ப எல்லாம் எலெக்‌ஷன் வைனு கத்துவாங்க, வந்து ஒக்காந்ததும் எல்லை நிர்ணயம், சட்ட சிக்கல்னு இழுப்பாங்க. ஆளுநர் தான் ஓட்டுறாரு

கவின்: எனக்கு 29 வயசு, மாகாண சபைக்கு இதுவரைக்கும் ஓட்டே போட்டதில்ல 😂

சித்தி: சிரிக்காத. கொழும்புல வேல செய்ற பிள்ளைங்க பேர இங்க லிஸ்ட்ல வெட்டிருறாங்க, அங்கயும் போர்டிங்காரர் பதிய மாட்டாரு. லீவுக்கு வாறப்ப மொதல்ல ஜீஎஸ் (கிராம சேவகர்) ஆபிஸ் போய் உன் பேரு இருக்கானு பாரு