புதுப்பிப்பு: வீடியோ பார்த்தே நேரியல் இயற்கணிதமும் சாலிடரிங்கும்

நேரியல் இயற்கணிதம் (linear algebra), சாலிடரிங் (மின்னணுப் பாகங்களை உருக்கிய ஈயத்தால் சர்க்யூட் பலகையில் இணைப்பது), இந்த இரண்டையும் காசு செலவழிக்காமல் வீடியோவில் கற்க முடியுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். முடிகிறது, ஆனால் இரண்டுக்கும் வழி வேறு.

கணிதத்துக்கு நீங்கள் பலர் சொன்ன ஓப்பன்கோர்ஸ்வேரையே எடுத்தேன், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமாக வெளியிடும் தளம். அங்கே கணிதப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங் 1999-ல் நடத்திய வகுப்புகள், படம் மங்கல்தான், ஆனால் மனிதர் கரும்பலகையில் யோசித்துக்கொண்டே எழுதுவதைப் பார்த்தால் நாமும் கூடவே யோசிக்க ஆரம்பித்துவிடுகிறோம். வீடியோவை மட்டும் பார்த்தால் எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும், அதுதான் ஆபத்து. தளத்திலேயே பயிற்சிக் கணக்குகளும் விடைகளும் இலவசமாக இருக்கின்றன, அவற்றைப் போட்டபிறகுதான் எது புரியவில்லை என்பதே தெரிந்தது. அடிப்படை ஆட்டம் கண்ட இடங்களில் கான் அகாடமி என்ற இலவசப் பாடத் தளத்துக்கு ஓடினேன்.

சாலிடரிங்குக்குக் கை பழக வேண்டும். யூடியூபில் வீடியோவை நிறுத்திவிட்டுக் காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்தினால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகரும் என்று ஒருவர் சொன்னாரே, அவருக்குப் பெரிய நன்றி. ஈயக்கம்பியை சாலிடரிங் அயர்னின் நுனியில் உருக்கி ஒட்டுவதில்லை, முதலில் பலகையின் பேடையும் (பாகத்தை இணைக்க வேண்டிய உலோகப் பரப்பு) பாகத்தின் காலையும் சேர்த்துச் சூடாக்கி, அந்த இணைப்பில்தான் கம்பியை வைக்கிறார்கள் என்பது அப்படிப் பார்த்ததில்தான் பிடிபட்டது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், புகை நல்லதல்ல.

சரி, அடுத்து மல்டிமீட்டர், அதாவது மின்னழுத்தம், மின்னோட்டம் போன்றவற்றை அளக்கும் கருவி. நிதானமாகச் சொல்லித்தரும் தொடர் எதுவும் தெரிந்தால் சொல்லுங்கள், பின்னணி இசை இல்லாததாக இருந்தால் இன்னும் நல்லது.