சதுரத்துக்குள் அடங்காத நாகசுரம்

நாகசுரக் கேசட், குறுந்தகடு, இசைத்தட்டு உறைகளைப் பற்றி மூவர் சொன்னவை.

கும்பகோணத்திலிருந்து ஒருவர்

கேசட் ஓய்ந்து குறுந்தகடு தலையெடுத்த காலத்தில் அச்சகம் ஒன்றில் உறை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். வாய்ப்பாட்டு என்றால் கவலை இல்லை: வித்வான் முகம், பின்னால் தம்பூரா, மூலையில் ஒரு கோபுரம். நாகசுரம் வந்தால்தான் திண்டாட்டம். நீளமான வகையான பாரி நாகசுரம் இரண்டரை அடிக்குக் குறையாது. குறுந்தகட்டு உறையோ 12 சென்டிமீட்டர் சதுரம். வாத்தியம் முழுவதும் தெரிந்தால் முகம் மிளகளவு ஆகிவிடும். முகத்தைப் பெரிதாக்கினால் அணசு, அதாவது வாத்தியத்தின் விரிந்த அடிப்பகுதி, வெட்டுப்படும். கேசட் அட்டை நெட்டையானது என்பதால் அதில் எப்படியோ ஒப்பேற்றிவிடலாம்.

ஒருமுறை வெளியூர் ஸ்டூடியோவிலிருந்து வந்த படத்தில் அணசு பாதியில் நின்றது. முகம் என்னவோ அருமையாக விழுந்திருந்தது. மாதிரிப் பிரதியைக் கையில் வாங்கிய வித்வான் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து, அணசும் வைத்துத்தானே கொடுத்தார்கள்? அதை வெட்டச் சொன்னது யார்?" என்றார். மறுபடியும் படம் எடுக்க வைத்தார். இந்த முறை வாயில் வைத்து ஊதும் சீவாளி இடது மேல்மூலையில், அணசு வலது கீழ்மூலையில். தலைப்புக்கு இடமில்லை, உலவு என்கிற குழல் பகுதியை ஒட்டியே சாய்வாக ஓடவிட்டோம். நான் செய்த உறைகளில் எனக்குப் பிடித்தது அதுதான்.

இன்னொன்று. நாகசுரத்தில் தொங்கும் சீவாளிக் கொத்தையும் ஊசியையும் நூல் பிசிறு என்று நினைத்துக் கணினியில் துடைத்துவிடும் புண்ணியவான்கள் இன்றும் இருக்கிறார்கள்.

திருவையாற்றிலிருந்து ஒருவர்

தியாகராஜர் ஆராதனை நாட்களில் உறவினர் கேசட் கடை போடுவார். நான் துணைக்கு உட்காருவேன். ஒரு பெரியவர் நாகசுரக் கேசட் ஒன்றை எடுத்தார், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இவர் எப்போது இடக்கையரானார்?" என்று கேட்டார். அட்டையில் தவில்காரரின் இடக்கை விரல்களில் கூடு (விரலில் மாட்டும் உறை), வலக்கையில் குச்சி. தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் கூடு மாட்டிய வலக்கை, இடப்பக்கமான தொப்பியில் இடக்கைக் குச்சி என்பதுதானே வழக்கம்? அந்த வித்வானின் கச்சேரியை அவர் எத்தனையோ முறை நேரில் கேட்டிருக்கிறார். நெகடிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்துவிட்டார்கள். நாகசுரக்காரரின் சட்டைப் பொத்தானும் எதிர்ப்பக்கம் இருந்தது, அதை நாங்கள் அப்புறம்தான் கவனித்தோம். பெரியவர் சிரித்துக்கொண்டே இரண்டு பிரதி வாங்கிப் போனார்.

மயிலாடுதுறையிலிருந்து ஒருவர்

நான் சேகரிப்பவன். அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனத்துக்காக அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் 1940-இல் ஆல்பங்களுக்குப் படம் வரையத் தொடங்கினார் என்பார்கள். நம் பக்கம் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நாகசுர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத் தட்டு வந்ததும் அப்படித்தான்: நடுவில் வட்டமாக வெட்டிய தாள் உறை, அந்த ஓட்டை வழியே தெரியும் லேபிள், அவ்வளவே. வண்ணப்படம் போட்ட அட்டை உறை பெரிய எல்.பி. தட்டுகளோடுதான் வீடுகளுக்கு வந்தது. பன்னிரண்டு அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட சதுரம். நாகசுரத்தைக் கொஞ்சம் தாராளமாக உட்கார வைக்கலாம்.

அதைக் காப்பாற்றுவதுதான் பாடு. ஐப்பசி அடைமழையில் பளபளப்பு ஒட்டிய உறைகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், முதுகோரத்தைப் பூச்சி அரிக்கும். படுக்கவைத்து அடுக்கினால் தட்டின் வட்டம் அட்டையில் தடமாகப் பதியும். நான் நிறுத்தித்தான் வைக்கிறேன், இடையிடையே வசம்பு கட்டிய துணிமுடிச்சு. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கும் வசம்பு சேர்ந்த பொடிதான் என்று கேட்டபிறகு வந்த பழக்கம்.

முன்பக்கத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். எனக்கு உறை என்றால் பின்பக்கம்: ராகம், தாளம், கூட வாசித்தவர்கள். கைப்பேசியில் நகம் அளவுப் படத்தோடு அதே கச்சேரி கிடைக்கிறது, தவில் யார் என்றுதான் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆகவே, பழைய உறைகளைப் படமெடுத்துப் பகிர்கிறவர்கள் தயவுசெய்து திருப்பி வைத்தும் ஒரு படம் எடுங்கள்.