பசும்பாலில் சொதி திரைஞ்சு போகுது, தேங்காய்ப்பாலுக்குப் பதிலாய் என்ன விடலாம்?

வெள்ளவத்தை மகள்

எல்லாருக்கும் வணக்கம். நான் வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடற்பக்கமாய் ஒரு பிளாற்றில் இருக்கிறன். கலியாணம் கட்டி வந்து ஏழு வருசம். வேலை கொள்ளுப்பிட்டியில். பஸ் கிடைச்சு வீட்டுக்கு வர ஆறரை, சில நாள் ஏழு. வந்த கையோட இராச்சாப்பாடு பார்க்க வேணும். கிழமையில் நாலு நாள் இடியப்பம்தான், அதைச் சந்திக் கடையில் வாங்குவன். சொதியை மட்டும் வீட்டில்தான் வைக்கிறது. கடையில் தாற சொதி சரியான தண்ணி.

தேங்காய் விலையை நான் சொல்லத் தேவையில்லை. 2024 கடைசியில் ஏறத் தொடங்கி 200 ரூபாயையும் தாண்டினதிலிருந்து எண்ணி எண்ணித்தான் உடைக்கிறன். ஊரில் வளவுக்குள்ள விழுந்ததைப் பொறுக்கி, கேள்வியில்லாமல் உடைச்ச கை. இப்ப பாதி மூடியை எடுத்து வைக்கிறபோது மனசு என்னவோ செய்யுது.

அதால போன செவ்வாய் பசும்பாலில் சொதி வைச்சுப் பார்த்தன். வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை, ஒரு தக்காளி எல்லாம் போட்டு அவியவிட்டு, அரை லீற்றர் பக்கெற் பாலை விட்டன். நல்லாக் கொதிச்சு வர, வழமைபோலத் தேசிக்காய் பிழிஞ்சன். கரண்டியால் ஒருக்காத் துளாவ முதலே திரைஞ்சு போச்சு. மேலே மஞ்சள் தண்ணி, அடியில் சின்னச் சின்னக் கட்டி. மகனுக்கு அஞ்சு வயசு, அவன் கோப்பையைத் தள்ளி வைச்சிட்டு இடியப்பத்தைச் சீனியோட சாப்பிட்டான். அரை லீற்றர் பாலும் வீண், பிள்ளையின்ர சாப்பாடும் வீண்.

வாற வெள்ளி விடியப்புறம் அப்பா யாழ்ப்பாண பஸ்ஸில் வந்து இறங்குறார். பத்து நாள் நிற்பார். இரவில் சொதி இல்லாட்டில் அவருக்குச் சாப்பிட்ட மாதிரியே இராது. பசும்பாலைத் திரையாமல் விட வழி இருக்கோ? இல்லாட்டில் ஒரு தேங்காயை ரெண்டு மூண்டு நாளுக்கு இழுக்கிறது எப்பிடி? தேங்காயை மொத்தமாய் வாங்கிப் பிரிட்ஜில் வைக்கிறனான், ஆனால் பாலும் முந்தி மாதிரி வருகுதில்லை. யூடியூப்பில் முந்திரிப் பருப்பை அரைச்சு விடச் சொல்லினம். இங்க கஜு விற்கிற விலைக்குத் தேங்காயே மலிவு.

பம்பலப்பிட்டிச் சட்டி

தங்கச்சி, பிழை பாலில் இல்லை. புளியும் சூடும் ஒண்டாய்ச் சேர்ந்ததுதான் பிழை. பசும்பாலில் இருக்கிற புரதம் புளி பட்டால் கட்டி கட்டும். பால் சூடாய் இருந்தால் கண்மூடித் திறக்க முதலே நடக்கும். பன்னீர் செய்யிறதும் இதே வேலைதான். தேங்காய்ப்பாலில் அந்தப் புரதம் இல்லை, அதால தேசிக்காயைக் கொஞ்சம் தாங்கும். நீங்கள் தக்காளியும் போட்டு, கொதிக்கேக்க தேசிக்காயும் பிழிஞ்சிருக்கிறியள். ரெண்டு புளி.

நான் ஹோட்டல் குசினியில் பதினெட்டு வருசம் நிண்டவன். பசும்பாலில் சொதி வைக்க வேண்டி வந்தால் இப்பிடித்தான் செய்வன்: தக்காளியை விடுங்கோ. மரக்கறியைத் தண்ணியில் அவிய விடுங்கோ. பச்சைப் பாலில் ஒரு தேக்கரண்டி அரிசி மாவைக் கரைச்சு வையுங்கோ, அந்த மா பாலைப் பிடிச்சு வைச்சிருக்கும். சட்டியில் கொதிக்கிற தண்ணியில் ரெண்டு அகப்பை எடுத்து முதலில் பாலுக்குள்ள விட்டுக் கலக்கி, பிறகு பாலைச் சட்டியில் ஊத்துங்கோ. அடுப்பு மெல்லிசாய் எரிய வேணும். ஓரத்தில் நுரை கட்டத் தொடங்க இறக்குங்கோ. தேசிக்காயைச் சட்டிக்குள்ள விடவே வேண்டாம், சாப்பிடுறவர் தன்ர கோப்பையில் பிழியட்டும்.

தேங்காய்ப்பால் மா பாவிக்கிறதெண்டால் பைக்கெற்றுக்குப் பின்னால எழுதியிருக்கிறதை வாசியுங்கோ. கனவற்றில் பால் புரதமும் சேர்த்திருக்கும். பசும்பால் ஒத்துவராத பிள்ளை உள்ள வீட்டில் இதைக் கட்டாயம் பார்க்க வேணும்.

கொட்டாஞ்சேனை அன்ரி

பிள்ளை, தம்பி சொன்னது எல்லாம் சரி. ஆனால் பத்து நாளைக்கு வாற அப்பாவுக்குப் பசும்பால் சொதி வைக்காதையுங்கோ. அந்த மனிசன் ஒண்டும் சொல்லார், ஆனால் இடியப்பம் ரெண்டோட கையைக் கழுவிப்போடுவார். ஒரு தேங்காயில் மூண்டு இரவு சொதி வைக்கலாம். நான் நாப்பது வருசமாய்க் கொழும்பில் வைக்கிறன்.

முதல் விசயம், பிரிட்ஜ். நீங்கள் ஏழு மணிக்கு வந்து தேங்காயைக் குளிரிலிருந்து எடுத்து அப்பிடியே திருவுறியள், என்ன? குளிரில் தேங்காயின்ர கொழுப்பு உறைஞ்சு போகும். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழ போனாலே கட்டியாகிறது தெரியும்தானே, நுவரெலியாவில் போத்திலைச் சுடுதண்ணியில் வைச்சுத்தான் எண்ணெய் எடுக்கிறது. அதே கொழுப்புத்தான் திருவின தேங்காய்ப் பூவுக்குள்ளயும். உறைஞ்ச பூவை எவ்வளவு பிழிஞ்சாலும் பால் சக்கைக்குள்ளயே நிண்டிடும். காலமை வேலைக்குப் போகேக்க பாதியை வெளியில் எடுத்து வைக்க வேண்டாம், கொழும்புப் புழுக்கத்துக்குப் பழுதாகிப்போகும். வந்த உடனை திருவி, கை தாங்குற சூட்டுத் தண்ணியை விட்டு, பத்து நிமிசம் மூடி வையுங்கோ. நீங்கள் முகம் கழுவி வெங்காயம் உரிக்க அது தயாராய் இருக்கும்.

தேங்காயை உடைச்சால் கண் இருக்கிற பாதியை முதல் நாள் எடுங்கோ, அதுதான் முதல் பழுதாகிறது. மற்றப் பாதியில் உப்புத் தடவி, கவிட்டு வையுங்கோ. அதைவிட நல்லது, சனிக்கிழமை மூண்டு நாலைத் திருவி, ஒரு நாளுக்கு ஒரு பொட்டலமாய்ப் பிரீசரில் போடுறது. பூவாய் உறைஞ்சதில் சுடுதண்ணி விட்டால் பால் நல்லா வரும்.

பிழியிறதைச் சொல்றன், இதில்தான் எல்லாரும் நட்டப்படுகினம். முதற்பாலுக்கு அரைக் கப் தண்ணி போதும். தண்ணி கூட விட்டால் முதற்பால் எண்டு ஒண்டே இல்லை. உள்ளங்கையால் அடிச்சுப் பிசைஞ்சு, பிடி பிடியாய் எடுத்து, விரல் இடுக்கால் பால் சொட்டிறது நிக்கும் வரைக்கும் இறுக்குங்கோ. பிறகு அந்தப் பிடியை விரிச்சுப் பாருங்கோ. மணல் மாதிரி உதிர்ந்தால் சரி. பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டு நிண்டால் உள்ளுக்க இன்னும் பால் இருக்கு. ரெண்டாம் பாலுக்கு ஒண்டரைக் கப் சுடுதண்ணி விட்டு மிக்சியில் ஒரு சுத்துச் சுத்துங்கோ. மூண்டாம் தரம் சும்மா கழுவின தண்ணி, அதில் பருப்பை அவியப் போடலாம்.

இப்ப சொதி. வெங்காயம், மிளகாய், வெந்தயம், மஞ்சள் எல்லாம் ரெண்டாம் பாலில் அவிய வேணும். அதுக்குள்ள ஒரு சின்ன உருளைக்கிழங்கு அவிச்சதைக் கையால மசிச்சு விடுங்கோ. ஒரு தேங்காய் கூடப் போட்ட மாதிரித் தடிப்பு வரும், ஆருக்கும் தெரியவும் மாட்டுது. கடைசியில் முதற்பாலை விட்டு, ஒரு கொதி வர முதல் இறக்கி, சட்டியைத் துணியில் வைச்சுத் தேசிக்காயை விடுங்கோ. தம்பி கோப்பையில் பிழியச் சொன்னது பசும்பாலுக்கு. தேங்காய்ப்பாலுக்குச் சட்டிக்குள்ளதான் விட வேணும், அப்பதான் உப்பும் புளியும் ஒண்டோட ஒண்டு சேரும். இந்த அளவுக்கு மூண்டில் ஒரு பங்கு தேங்காய் போதும். உங்கட வீட்டில் அப்பாவோட சேர்த்து நாலு பேர்தானே.

சக்கையை எறியாதையுங்கோ. கோவா வறைக்குள்ள போடலாம். பிட்டுக்குப் பாதி நல்ல பூ, பாதி சக்கை. 2022இல் காசும் இல்லை, காஸும் இல்லை, மண்ணெண்ணெய் அடுப்பில் சமைச்ச காலத்தில் எங்கட வீட்டில் தேங்காயில் சிரட்டையைத் தவிர ஒண்டும் வெளியில் போகேல்லை. சிரட்டையும் பிறகு அடுப்புக்குள்ளதான் போனது.

தெஹிவளை றாத்தா

அன்ரி சொன்ன உருளைக்கிழங்கு விசயம் எங்கட உம்மாவும் செய்வாங்க, பாலாணத்துக்கு, அதான் தேங்காய்ப்பால் கறிக்கு. நான் நோன்புக் கஞ்சிக்குப் பாதி தேங்காய்ப்பால், பாதி பசும்பால் விடுறேன். ரெண்டு வருசமா அப்பிடித்தான், வீட்டில ஒருத்தரும் வித்தியாசம் சொல்லல்ல. கஞ்சியில அரிசியே கரைஞ்சு கிடக்கிறதால பால் திரையிறதில்ல, புளியும் இல்ல. சொதிக்கும் இதே கணக்கில பாதிக்குப் பாதி விட்டுப் பாருங்க, தேசிக்காய மட்டும் கோப்பையில வைங்க.

இன்னொண்டு. தேங்காய மிச்சம் பிடிக்க எல்லா நாளும் பால் கறிதான் வேணுமெண்டு இல்ல. மீன் ஆணத்த ரெண்டு நாளைக்குப் பால் இல்லாம, கொறக்காப் புளி போட்டு வத்த வைங்க. மிளகும் கூடப் போட்டு மண்சட்டியில வத்த வச்சா அடுத்த நாளும் நல்லா இருக்கும். பழப்புளிக்குப் பதிலாப் போடுறதெண்டா கொறக்காயக் கழுவி, சுடுதண்ணியில ஊற வச்சு அரைச்சுப் போடுங்க. அப்பிடியே போட்டா புளி ஒரு பக்கமா நிக்கும். அந்த ரெண்டு நாள் தேங்காய் இரவுச் சொதிக்கு மிச்சம்.

வெள்ளவத்தை மகள்

ஞாயிறு இரவு எழுதுறன். அப்பா வந்திட்டார். வியாழன் பின்னேரமே ரெண்டு தேங்காய் திருவி, ஆறு பொட்டலமாய்ப் பிரீசரில் போட்டன். வெள்ளி இரவு அன்ரி சொன்னபடி ஒரு பொட்டலத்துக்குச் சுடுதண்ணி விட்டு, மூடி வைச்சுப் பிழிஞ்சன். பிடியை விரிச்சுப் பார்த்தால் பஞ்சு மாதிரி. திரும்ப இறுக்கினன், இன்னும் ரெண்டு மேசைக்கரண்டி பால் வந்துது. இவ்வளவு நாளும் அதை எல்லாம் குப்பைக்குள்ள போட்டிருக்கிறன் எண்டு நினைக்க வயிறு எரிஞ்சுது.

கிழங்கு மசிச்சு விட்டதை அப்பாவுக்குச் சொல்லேல்லை. எட்டு இடியப்பம் சாப்பிட்டார். பிறகு கோப்பையைச் சரிச்சு மிச்சச் சொதியைக் குடிச்சார், வீட்டில் அம்மா இருக்கேக்க குடிக்கிற மாதிரி. அம்மா போய் ரெண்டு வருசம். நான் எழும்பிக் குசினிக்குள்ள போயிட்டன்.

சனி பாதிக்குப் பாதி, தெஹிவளை றாத்தா சொன்னபடி, அரிசி மாவும் கரைச்சு வைச்சன். திரையேல்லை. மகன் நல்லாச் சாப்பிட்டான், அப்பா ஒண்டும் சொல்லேல்லை, ஆனால் நாலு இடியப்பம்தான். அதால அவர் நிக்கும் மட்டும் முழுத் தேங்காய்ப்பால், பிறகு எங்களுக்குப் பாதிக்குப் பாதி.

ஒரு கேள்வி மிச்சம். சக்கையை டப்பாவில் போட்டுப் பிரிட்ஜில் வைச்சன், ரெண்டாம் நாள் ஒரு புளிச்ச மணம். அதை எப்பிடி வைக்கிறது?

கொட்டாஞ்சேனை அன்ரி

ஈரத்தோட மூடி வைச்சால் மணக்கும்தான் பிள்ளை. அண்டைக்கே எண்ணெய் விடாத தாச்சியில் மெல்லிய நெருப்பில் வறுத்து, ஈரம் போய்க் கையில் கலகலக்க இறக்கி, நல்லா ஆறவிட்டுப் போத்திலில் போடுங்கோ. ஒரு கிழமை நிக்கும். செத்தல் மிளகாய், உள்ளி, உப்பு, கொஞ்சம் பழப்புளி சேர்த்து இடிச்சால் அப்பா ஊருக்குப் போகேக்க பஸ்ஸில் சாப்பிடப் பாணுக்குள்ள வைச்சுக் கட்டிக் குடுக்கலாம். மணந்ததை மட்டும் எறிஞ்சிடுங்கோ, அதைப் பாவிக்க வேண்டாம்.