மறு: டிடி, டிஎன் எர்த் அமைப்புகளுக்குத் தமிழ்ச் சொல்

அனைவருக்கும் வணக்கம். வீட்டு மின்சாரத்துக்கு எர்த் கொடுக்கும் இரண்டு முறைகளான டிடி (TT), டிஎன் (TN) ஆகியவற்றுக்குத் தமிழ்ப் பெயர் தேடும்போது வந்த கேள்வி இது:

> டிடி என்பதை 'நில-நில அமைப்பு' என்றும் டிஎன் என்பதை 'நில-நடு அமைப்பு' என்றும் வைத்துக்கொள்ளலாமா?

எழுத்துக்கு எழுத்து சரிதான். டி என்றால் நிலம், என் என்றால் நியூட்ரல். முதல் எழுத்து, டிரான்ஸ்பார்மரின் நியூட்ரல் (மின்சாரம் திரும்பும் முனை) மண்ணில் இறங்கியிருப்பதைச் சொல்கிறது. இரண்டாவது எழுத்து, நம் வீட்டுச் சாதனங்களின் உலோக உடல் எதோடு சேர்ந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. ஆனால் பல்லடத்தில் வீடு கட்டுகிறவரோ அவருக்கு ஒயரிங் செய்கிறவரோ 'நில-நில' என்று படித்தால் என்ன விளங்கும்? கிரைண்டருக்குள் பேஸ் கம்பி (மின்சாரம் கொண்டுவரும் கம்பி) உரிந்து உடலைத் தொட்டுவிட்டால், அந்த மின்சாரம் எந்த வழியில் டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பும்? உயிர் போவதும் பிழைப்பதும் அதில்தான் இருக்கிறது. சொல்லிலேயே அது தெரிய வேண்டும்.

டிடி-யில் அது மண் வழியாகத் திரும்புகிறது, டிஎன்-இல் கம்பி வழியாக. ஆகவே டிடி-க்கு 'மண்வழி எர்த்', டிஎன்-க்கு 'கம்பிவழி எர்த்' என்று முன்மொழிகிறேன். எர்த் என்பதற்குப் பதில் 'புவியிணைப்பு' வேண்டும் என்பவர்கள் அதைச் சேர்த்துக்கொள்ளட்டும், எனக்கு மறுப்பில்லை.

நம் பக்கத்து வீடுகள் பெரும்பாலும் மண்வழிதான். கம்பத்திலிருந்து பேஸும் நியூட்ரலும் வருகின்றன. எர்த் கம்பியை மண்ணில் இறக்கும் எர்த் குழியை வீட்டுக்காரர்தான் எடுக்கிறார். கொங்கு நாட்டில் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே சுக்கான்கல்லும் பாறையும் வந்துவிடும், சித்திரையில் மண் காய்ந்து போகும். வீட்டுக் குழியின் தடை 20 ஓம், டிரான்ஸ்பார்மர் குழியின் தடை 3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை 23 ஓமால் வகுத்தால் 10 ஆம்பியர். மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே விழுந்து துண்டிக்கும் சுவிட்சான எம்சிபி, 16 ஆம்பியர் அளவுடையது, இதற்கு அசையவே அசையாது. கிரைண்டர் உடலில் 200 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். சி வகை 16 ஆம்பியர் எம்சிபி உடனே விழுவது உறுதியாக வேண்டுமானால் 160 ஆம்பியர் பாய வேண்டும். அதற்கு மொத்தத் தடை 1.4 ஓம் அளவில் இருக்க வேண்டும். நம் செம்மண்ணில் ஒற்றைக் குழியை வைத்து அதை எட்டுவது நடக்காத காரியம்.

"கரியும் உப்பும் போட்டுக் குழி நல்லா எடுத்திருக்குதுங்க, அப்புறம் எதுக்குங்க இன்னொரு செலவு?" என்று இங்கே கேட்பார்கள். இந்தக் கணக்குதான் அதற்குப் பதில். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் கொஞ்சம் வேறுபட்டாலே துண்டித்துவிடும் ஆர்சிசிபி, மண்வழி வீட்டுக்குக் கட்டாயம் வேண்டும். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால், உடலில் 50 வோல்ட்டுக்கு மேல் நிற்கக் கூடாது என்ற வரம்புக்குக் குழியின் தடை 1,666 ஓம் வரை போகலாம். பாறை நிலத்துக்காரர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. (இந்தக் கருவிக்கு 'மின்கசிவு துண்டிப்பான்' என்ற பெயரே போதும், அதை மறுபடி கிளற வேண்டாம்.)

'வழி'க்குப் பதிலாகத் 'தடம்' என்று வைக்க எனக்கு ஆசை. "எந்தத் தடத்துல போகோணும்?" என்று கேட்கிற ஊர் இது. ஆனால் மண்ணின் தடையைப் பற்றியே பேசும் இடத்தில் 'மண்தடம்', 'மண்தடை' இரண்டும் அடுத்தடுத்து வந்தால் காதில் குழம்பும். பாதுகாப்புச் சொல்லில் அந்தக் குழப்பம் கூடாது. 'மண்வழி' என்றே இருக்கட்டும்.

கம்பிவழியில் பிரிவு உண்டு. டிரான்ஸ்பார்மரிலிருந்தே எர்த் கம்பி தனியாக வந்தால் 'தனிக்கம்பிவழி'. அதுதான் டிஎன்-எஸ். நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பியாக வந்து வீட்டு வாசலில் பிரிவது டிஎன்-சி-எஸ். பிரிட்டனில் இது பரவலாக உண்டு. அந்தப் பொதுக் கம்பியை வழி நெடுகப் பல இடங்களில் மண்ணில் இறக்குவார்கள். காரணம், அது நடுவில் அறுந்தால் சாதனத்தில் எந்தப் பழுதும் இல்லாமலே அதன் உடலில் மின்சாரம் ஏறிவிடும். இங்கே சிலர் எர்த் குழி எடுக்காமல் பிளக் பாயிண்டில் நியூட்ரலையும் எர்த் பின்னையும் சின்னக் கம்பியால் சேர்த்துவிடுகிறார்களே, அதிலும் இதே ஆபத்துதான். பல இடத்தில் இறக்கிய காப்பு மட்டும் அங்கே இல்லை. அப்படிச் சேர்த்த வீட்டில் ஆர்சிசிபி வைத்தால், சாதனத்தின் உடல் ஈரத் தரையையோ குழாயையோ தொட்டு நியூட்ரல் மின்சாரம் மண்ணுக்குக் கசியும்போது அது விழக்கூடும். உடனே ஆர்சிசிபியைத்தான் கழற்றி எறிகிறார்கள், சின்னக் கம்பியை அல்ல.

இந்த டிஎன்-சி-எஸ்-க்கு 'பிரிகம்பிவழி' என்று யோசித்திருக்கிறேன். 'பிரி' என்றதும் கயிற்றுப் பிரி நினைவுக்கு வருமோ என்று ஒரு தயக்கம். 'பொதுக்கம்பிவழி' என்றால் அறுந்தால் வரும் ஆபத்து கொஞ்சம் தெரியும், ஆனால் வீட்டு வாசலில் பிரிவது தெரியாது. ஒயரிங் வேலையில் இருப்பவர்கள் இரண்டில் எதைச் சொல்ல வாய் வருகிறது என்று எழுதினால் நல்லது.

அன்புடன்