நாலு தட்டில் அம்மா

கரும்பலகை எழுதியது:

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை மொத்தம் 27 பிள்ளைகள், தலைமையாசிரியர் ஒருவர், ஆசிரியை நான் ஒருத்தி. 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு மானியம் ஆண்டுக்கு 10,000 ரூபாய். சாக்பீஸ், பதிவேடு, குழாய் ரிப்பேர், பினாயில், விளக்குமாறு எல்லாம் அதற்குள்தான். இந்த நிலையில் கம்ப்யூட்டர் சொல்லித்தருகிறேன் என்றால், "கம்ப்யூட்டர் எங்கே இருக்கு?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். எங்களிடம் இருந்தது. பீரோவுக்குள்.

யாரோ நன்கொடையாகக் கொடுத்த பழைய லேப்டாப். இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பீரோவில் வைத்துப் பூட்டியாயிற்று. சாவி தலைமையாசிரியர் இடுப்பில். அவர் மீட்டிங் போனால் சாவியும் கூடவே போகும். மீட்டிங் இல்லாத வாரம் எது?

சரி என்று பழைய காலண்டர் அட்டைகளை வெட்டி, பிள்ளைக்கு ஒரு கீபோர்டு வரைந்துகொடுத்தேன். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் முறைதான் எனக்குப் பழக்கம். ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆங்கில எழுத்தே இன்னும் கைக்கு வரவில்லை. அந்த வழியாகச் சுற்றித் தமிழுக்கு வா என்று சொல்வது என்ன நியாயம்? அதனால் தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை. உயிரெழுத்தெல்லாம் இடது கைப்பக்கம், மற்ற எழுத்துகளில் பெரும்பாலானவை வலது கைப்பக்கம்.

என் வகுப்பில் ஒருவன் 'கொ' எழுத இரண்டு வருடமாகத் திணறினான். முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் துணைக்கால் என்று மனப்பாடம் செய்வான். மறுநாள் கொம்பு மட்டும் இருக்கும், காலைக் காணோம். அட்டையில் 'கொ'வுக்குத் தனிக்கட்டம் தேடினான். இல்லை. 'க'வைத் தொடு, அப்புறம் 'ஒ'வைத் தொடு என்றேன். தொட்டான். கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்தான். "அப்ப மொ எழுத மவும் ஒவுமா டீச்சர்?" என்றான். அவனாகவே தொ, பொ, சொ என்று வரிசையாகப் போய்விட்டான். இதைத்தான் நான் இரண்டு வருடமாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். அவனுக்குப் புரிந்தது விரல் வழியாக.

லேப்டாப் வெளியே வந்த கதை சின்னதுதான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு அம்மா, "அந்தப் பெட்டி எதுக்கு சார் இருக்கு?" என்று கேட்டார். மறுநாள் பீரோ திறந்தது.

பிள்ளைகள் முதலில் திரையை விரலால் தடவினார்கள். வீட்டில் போன் பார்த்த பழக்கம். மவுஸ்தான் புதுசு. நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி மவுஸை நகர்த்திக்கொண்டே போய் மேசை ஓரத்தில் நின்றுவிட்டாள். அம்புக்குறி திரையில் பாதி வழிதான் வந்திருந்தது. "இதுக்கு மேல மேசை இல்லையே டீச்சர்" என்றாள். தூக்கி மறுபடி நடுவில் வைக்கலாம் என்பதும் சொல்லித்தர வேண்டிய பாடம் என்று எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொன்னதில்லை.

இ-கலப்பை என்ற தமிழ் தட்டச்சு மென்பொருளைப் போட்டு முதலில் அடித்த வார்த்தை அம்மா. அ, ம, ம, ஆ. நாலே தட்டு. இரண்டாவது ம அடித்ததும் முதல் ம தலையில் புள்ளி தானாக ஏறிக்கொள்ளும். "புள்ளி யாரு வச்சது?" என்று ஒரே சத்தம். அப்புறம் ஒரு வாரம் இதே வேலை. பந்து, தங்கம், பஞ்சு, வண்டி: நடுவில் உள்ள புள்ளி தானாக வருகிறது. பல், சர்க்கரையில் வரும் ர்: நாம்தான் வைக்க வேண்டும். எங்கெங்கே தானாக வருகிறது என்று ஐந்தாம் வகுப்புப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற. மேல் வகுப்பில் இன எழுத்து என்று படிக்கப்போவதை அவள் கணினியிடமிருந்து பிடுங்கிவிட்டாள்.

பேட்டரி செத்த லேப்டாப். கரண்ட் போனால் எல்லாம் போச்சு. அதனால் எங்கள் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும், அடித்ததைச் சேமிக்கிற கன்ட்ரோல் எஸ் சொல்வார்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துச் சிரித்தேன். பீரோ சாவியை இடுப்பில் வைத்திருந்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பக்கத்து நியாயத்தையும் கொஞ்சம் கேளுங்கள். பள்ளிப் பொருள் பூட்டிக் கிடந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. உடைந்தால், திருடு போனால்தான் கேள்வி. எங்கள் பள்ளியில் ஒரு யுபிஎஸ் காணாமல் போனது. காவல் நிலையத்தில் புகார், அதன் நகல், விளக்கக் கடிதம் என்று அலைந்தேன். ஓய்வு பெறுகிற மாதத்தில் அது மறுபடி தலைதூக்கியது. ஆயிரக்கணக்கில் என் கையைவிட்டுக் கட்டிவிட்டுத்தான் வெளியே வந்தேன். இப்படியென்றால் புது மானிட்டரை யார் வெளியே எடுப்பார்?

பணியின் கடைசி இரண்டு வருடத்தில்தான் எனக்கு ஒரு வழி தெரிந்தது. பொருள் வந்த மாதமே மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டுவிடுங்கள்: இந்த இந்த நாளில், இந்த இந்த வகுப்புப் பிள்ளைகள் பயன்படுத்துவார்கள், பழுதானால் இன்னின்னபடி பார்த்துக்கொள்வோம் என்று. பெற்றோர் கையெழுத்து இருக்கட்டும். முழுக் கவசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் தணிக்கைக்கு வருகிறவரிடம் காட்ட ஒரு காகிதமாவது இருக்கும்.

மலைமேல் வாத்தியார் எழுதியது:

உங்களுக்காவது பீரோவுக்குள் ஒன்று இருந்தது. எங்களுக்கு மழைக்காலத்தில் கரண்டே நிச்சயம் கிடையாது. 2018இல் கானா நாட்டு ஆசிரியர் ரிச்சர்ட் அப்பியா அகோட்டோ கரும்பலகையில் வேர்டு மென்பொருளின் திரையை அப்படியே வரைந்து பாடம் நடத்திய படம் உலகம் முழுக்கச் சுற்றியதே, அதை எனக்கு இன்றைக்கும் யாராவது அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள், "நீங்களும் செய்யலாமே சார்" என்று. அவர் பெரிய மனிதர், சந்தேகமில்லை. ஆனால் எந்தப் பொத்தான் எங்கே என்று வரைந்து காட்டுவதில் எனக்கு மனசு ஒப்பவில்லை. பொத்தான் அடுத்த வருடமே இடம் மாறிவிடும்.

நான் பிடித்துக்கொண்டது நியூசிலாந்து கேன்டர்பரி பல்கலைக்கழகத்தின் டிம் பெல் குழு உருவாக்கிய, கம்ப்யூட்டர் இல்லாமலே கம்ப்யூட்டர் கற்றுத்தரும் விளையாட்டுகளை. ஐந்து அட்டை. 16, 8, 4, 2, 1 புள்ளிகள். ஐந்து பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். அட்டையைக் காட்டினால் உண்டு, திருப்பினால் இல்லை; கம்ப்யூட்டர் எண்களை வைத்துக்கொள்வதும் இப்படித்தான். 13 வேண்டுமா? 8, 4, 1 காட்டு, மற்றவர் திருப்பு. ஐந்து அட்டையும் காட்டினால் 31. அதனால் எந்தப் பிறந்த தேதியும் இதற்குள் அடங்கிவிடும். எங்கள் வகுப்பில் இரண்டு பேருக்கு அவர்கள் பிறந்த தேதியே தெரியாது. சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னேன், சந்தோஷம் தாங்கவில்லை.

ஒருநாள் ஒரு பையன், "32 வந்தா என்ன சார் பண்றது?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் ஓரமாக உட்கார்ந்திருந்த பெண் சொன்னாள்: "இன்னொரு ஆள் வேணும். இதுக்கு டபுளா புள்ளி போட்டு." சாதாரணமாக வாயைத் திறக்காத பிள்ளை அவள்.

இன்னொன்று. வராண்டாவில் சாக்பீஸால் கோடு போட்டு ஆறு பேரை அதில் நடக்கவிடுவது. இரண்டு கோடு சேரும் இடத்தில் இரண்டு பேரும் கையிலுள்ள எண்ணை ஒப்பிட்டு, சின்ன எண் இடது பக்கம், பெரிய எண் வலது பக்கம் போக வேண்டும். எப்படிக் கலைந்து உள்ளே போனாலும் மறுமுனையில் வரிசையாக வந்து நிற்பார்கள். எண்ணுக்குப் பதில் பெயர் வைத்தால் அகரவரிசை. பாண்டி ஆட்டம் மாதிரி இடைவேளையிலும் அதையே ஆடுகிறார்கள். கோடு போடுவதில் நான் ஒரு தடவை தப்பு செய்துவிட்டால் வரிசை வராது, உடனே மாட்டிக்கொள்வேன்.

கரும்பலகை எழுதியது:

ஐயா, தீர்மானம் பற்றிச் சொன்னதற்கு நன்றி. அடுத்த கூட்டத்திலேயே போட்டுவிடலாம் என்று எங்கள் தலைமையாசிரியரும் சொல்லிவிட்டார். அவர்மேலும் இப்போது அவ்வளவு கோபம் இல்லை.

மலை சார், அட்டை ஆறாகவே வெட்டிவிட்டேன், 32ஐயும் சேர்த்து.

விடுமுறை முடிந்து பீரோவைத் திறந்தால் மவுஸ் வயரை எலி கடித்து வைத்திருக்கிறது. "டீச்சர், எலி எலியோட வாலையே கடிச்சிருச்சு" என்று அந்தக் 'கொ' பையன் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். யாரிடமாவது வேலை செய்கிற பழைய மவுஸ் இருந்தால் சொல்லுங்கள், தபால் செலவு என்னுடையது.