93% வருகிறது, ஆனால் மேடம் ஏற்கிறார் இல்லை

செட்டிகுளத்தான்:
வணக்கம். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம். மென்பொருளின் எந்தப் பகுதியில் பிழை இருக்கக்கூடும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் என் புரொஜெக்ட். நாசாவின் பிசி1 தரவை எடுத்தேன். 1109 மொடியூல் (மென்பொருளின் சிறு துண்டு), ஒவ்வொன்றுக்கும் வரிக்கணக்கு, நிரலின் சிக்கலை அளக்கும் மக்கேப், ஹால்ஸ்டெட் என்று 21 அளவீடு, கடைசிப் பத்தியில் பிழை உண்டா இல்லையா. ரேண்டம் ஃபொரஸ்ட் என்ற இயந்திரக் கற்றல் முறையைப் போட்டதில் அக்கியூரசி (மொத்தத்தில் சரியாகச் சொன்ன பங்கு) 93.4%. மேடம் பார்த்துவிட்டு, "இதை நானே ஒரு வரியில் எழுதித் தருவேன்" என்று சொல்லிவிட்டு லெக்சருக்குப் போய்விட்டார். என்ன சொல்ல வந்தார்? இன்னொன்று, அத்தான் வேலை செய்யும் அரிசி ஆலையின் பில் மென்பொருளிலும் இந்த மொடலை ஓட்டிக் காட்ட ஆசை. சரிவருமா?

பரந்தன்_அண்ணை:
தம்பி, அந்த ஒரு வரி இதுதான்: எந்த மொடியூலைக் கேட்டாலும் "பிழை இல்லை" என்று பதில் சொல்லும் வரி. பிசி1இல் பிழையுள்ளவை 77தான், மற்ற 1032உம் நல்லவை. கண்ணை மூடிக்கொண்டு "இல்லை" என்றாலே 93% வந்துவிடும்.

என் தங்கச்சி முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தவள். அங்கே ஒரு காணியைக் காட்டி "எங்கும் வெடி இல்லை" என்று எழுதிக் கொடுத்தாலும், சதுர மீற்றர் கணக்கில் கிட்டத்தட்ட முழுவதும் சரியாகத்தான் இருக்கும். அதை நம்பி யார் கால் வைப்பது? டிடெக்டர் ஆணிக்கும் கத்தும், ஷெல் துண்டுக்கும் கத்தும், சோடா மூடிக்கும் கத்தும். ஒவ்வொரு சத்தத்துக்கும் முழங்காலில் நின்று மண்ணை மெல்ல மெல்லச் சுரண்டுவாள். வீண் சத்தம் நேரத்தைத்தான் தின்னும். தவறவிட்டது ஆளையே தின்னும்.

உங்களுக்கும் அந்த இரண்டு கணக்கும்தான் வேண்டும். 77இல் எத்தனையைப் பிடித்தது, நல்லவற்றில் எத்தனைக்கு வீணாகக் கத்தியது? 2007இல் டிம் மென்சீஸ் குழு நாசா தரவுகளில் நாயிவ் பேயஸ் என்ற எளிய கற்றல் முறையைப் போட்டு, சராசரியாக 71% பிழைகளைப் பிடித்தது. வீண் அலாரம் 25%. அக்கியூரசியில் அது உங்களுக்குப் பின்னால்தான் நிற்கும், ஆனால் வேலைக்கு உதவும். உங்கள் எண்களைப் போடுங்கள்.

செட்டிகுளத்தான்:
77இல் 19 பிடித்திருக்கிறது அண்ணை. வீணாகக் கத்தியது 15. ஆனால் பிழையுள்ள வரிகளைச் செயற்கையாகப் பெருக்கும் ஸ்மோட் முறையைப் போட்டால் எல்லாமே 97க்கு மேலே போகிறது!

ஒட்டுசுட்டான்_பிள்ளை:
ஸ்மோட் போட்டது தரவைப் பயிற்சிக்கு, சோதனைக்கு என்று பிரிக்க முன்னரா, பிரித்த பிறகா? முன்னர் என்றால், செயற்கையாகப் பிறந்த வரிகள் சோதனைப் பக்கத்துக்கும் போயிருக்கும். மொடல் படித்த வினாத்தாளையே பரீட்சையிலும் பார்த்திருக்கிறது. பயிற்சிப் பக்கத்துக்கு மட்டும் போடுங்கள், 97 இறங்கிவிடும். நாசா தரவிலும் கொஞ்சம் குப்பை இருக்கிறது. ஒரே வரி திரும்பத் திரும்ப வருவதையும், நடக்கவே முடியாத எண்கள் கிடப்பதையும் ஷெப்பர்ட் குழு 2013இல் எழுதிக் காட்டியது. இரட்டை வரிகளை நீக்கிவிட்டு ஓட்டுங்கள்.

பரந்தன்_அண்ணை:
பிள்ளை சொன்னதைச் செய்யுங்கள். அரிசி ஆலை விஷயம்: பிசி1 என்பது செயற்கைக்கோளில் பறக்கும் சி மென்பொருள். அதில் பழகியது நெல்லு பில்லுக்கு என்ன சொல்லும்? 2009இல் சிம்மர்மன் குழு ஒரு புரொஜெக்டில் பழக்கி இன்னொன்றில் ஓட்டும் 622 சோதனை செய்தது. தேறியது 3.4%தான். கட்டாயம் ஆலையைத்தான் எடுப்பேன் என்றால் அதன் சொந்தச் சரித்திரத்தைப் பாருங்கள். அடிக்கடி கைவைக்கும் நிரலில்தான் பிழை கூட. விண்டோஸ் சேர்வர் 2003ஐ வைத்து நாகப்பன், தோமஸ் போல் இருவரும் 2005இல் காட்டியதும் அதுதான். நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் (Git) இருக்கிறதா?

செட்டிகுளத்தான்:
கிட்டா! எழுதிய ஆள் பென்டிரைவில் கொண்டுவந்து ஏற்றிவிட்டுப் போவாராம். "பில்_புதுசு", "பில்_புதுசு2", "பில்_கடைசி" என்று ஃபோல்டர்கள் கிடக்கின்றன. ஒவ்வொரு பெரும்போகத்திலும் ஈரப்பதனுக்குக் கழிக்கும் இடத்தைத்தான் மாற்றுவாராம்.

பரந்தன்_அண்ணை:
அந்த ஃபோல்டர்களே போதும், அழிக்க விடாதீர்கள். திகதி வரிசையில் அடுக்கி, அடுத்தடுத்த இரண்டை ஒப்பிட்டு, எந்த ஃபைலில் எத்தனை வரி மாறியது என்று எக்செல்லில் போடுங்கள். பில் பிழைத்தது என்று ஆலையில் இருந்து அவருக்கு எப்போதெல்லாம் போன் போனது என்று அத்தானைக் கேட்டுப் பக்கத்துப் பத்தியில் எழுதுங்கள். மொடல் பிறகு. முதலில் அந்த இரண்டு பத்தியையும் மேடத்திடம் காட்டுங்கள்.